சும்மா ஒரு இனிஷியல்

கீழைக்கரை விமானப் போக்குவரத்துக் கழகத்தின் மீனம்பாக்கம் ஹாங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், பன்னிரண்டு எஞ்சினீயர்கள் இருந்தாக வேண்டும் என்று கழகமே தீர்மானித்து, வாசலில் ஒரு பலகையும் மாட்டியிருந்தது. அதில் பன்னிரண்டு பெயர்களுக்குப் பன்னிரண்டு பித்தளைத் தகடுகள். 1968ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அவற்றில் பதினொன்று வெறுமையாக இருந்தன. மூன்று பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். நாலு பேர் குவைத்துக்கும், மூன்று பேர் வேறு கம்பெனிக்கும் போய்விட்டார்கள். மிச்சம் ஒருவர் குரோம்பேட்டையில் சைக்கிள் கடை வைத்து, இரவில் நன்றாகத் தூங்குவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது தகட்டில் 'எல். அசரியா' என்று இருந்தது.

ஆள் பற்றாக்குறையைப் பற்றிக் கழகம் கவலைப்படவில்லை என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். வெறும் தகடுகள் களிம்பேறாமல் இருக்க, வாரம் ஒருமுறை புளி போட்டுத் தேய்ப்பதற்கு அது ஓர் ஆளை நியமித்திருந்தது.

மூன்று டகோட்டா விமானங்கள். நாலு மெக்கானிக்குகள். மெக்கானிக்குகள் வேலை செய்யலாம், கையெழுத்துப் போட முடியாது. லைசென்ஸ் உள்ள எஞ்சினீயர்தான் ஒவ்வொரு வேலையையும் பார்த்து, லாக் புத்தகத்தில் அந்த வரிக்கு எதிரே தன் இனிஷியலைப் போட வேண்டும். எல்லா வரியும் முடிந்ததும் அடியில் முழுக் கையெழுத்து. அதற்குப் பிறகுதான் விமானம் நகரலாம்.

அசரியா பார்த்துப் போடுகிறவர். விமானத்தின் வாலுக்குள், மூக்கை ஏற்றவும் இறக்கவும் விமான ஓட்டி இழுக்கிற எஃகுக் கேபிள் ஒன்று ஓடுகிறது. அதைப் பார்க்கத் தவழ்ந்துதான் போக வேண்டும். டார்ச்சு வெளிச்சத்தில் எல்லாக் கேபிளும் நல்ல கேபிளாகவே தெரியும். ஆகையால் அசரியா ஒரு பழைய வேட்டித் துண்டைக் கேபிளின் மேல் சுற்றிப் பிடித்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை இழுத்துக்கொண்டே போவார். எங்கேயாவது ஒரு இழை அறுந்து துருத்திக்கொண்டிருந்தால் துணி சிக்கும். சிக்கவில்லை என்றால் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, அந்த வரிக்கு எதிரே 'எல்' போடுவார்.

எல் என்றால் லாசரஸ், அவருடைய அப்பா. தாம்பரம் ஸ்டேஷனில் தண்டவாளத்தைத் திருப்பிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். தண்டவாளம் காலி என்று தன் கண்ணால் பார்க்காமல் வண்டியை விட மாட்டேன் என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் தனி வண்டியை இருபது நிமிஷம் நிறுத்தி வைத்தார். அதற்காகப் பதினைந்து நாள் வேலையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். அந்த உத்தரவு கண்ணாடிச் சட்டத்துக்குள், கிழக்குத் தாம்பரத்தில் அசரியாவின் வீட்டுக் கூடத்தில் இன்றும் தொங்குகிறது. மற்ற வீடுகளில் பட்டம் வாங்கிய படம் மாட்டுவார்கள். இந்த வீட்டில் அதுதான் பட்டம்.

ஏப்ரல் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து ஆளணி நிர்ணய அதிகாரி ஸ்ரீநிவாசராகவன் வந்து இறங்கினார். கையில் ஒரு சுற்றறிக்கை. அதன் சாரம் இதுதான்: ஆள் குறைவாக உள்ள நிலையங்களில், நேரம் இல்லாத காரணத்தால் பார்க்க முடியாமல் போன வேலைகளுக்கு முழுக் கையெழுத்து தேவையில்லை, இனிஷியல் போதும்.

"மிஸ்டர் அசரியா, கழகத்தில் ஆள் பற்றாக்குறை இல்லை. பற்றாக்குறை என்று சொல்கிற ஆட்கள்தான் அதிகமாக இருக்கிறார்கள்" என்று அவர் தொடங்கினார். "முழுக் கையெழுத்து என்றால் பொறுப்பு. அதை நான் உங்களிடம் கேட்கவில்லை. இனிஷியல் என்பது சும்மா ஒரு மரியாதை. விமானத்தைப் பார்த்து ஒரு நமஸ்காரம் செய்கிற மாதிரி."

"பார்க்காத வேலைக்கு எப்படி சார் போடறது?"

"பார்க்காததனால்தான் இனிஷியல். பார்த்திருந்தால் முழுக் கையெழுத்தே போட்டிருக்கலாமே!"

அசரியா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சார், கையெழுத்துல இருக்கறது என் பேரு. அது பொய்யாப் போனா நான் வந்து பதில் சொல்லிக்குவேன். இனிஷியல்ல இருக்கறது எங்கப்பா. அவர் கல்லறைத் தோட்டத்துல இருக்கார். அவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. நான் போட மாட்டேன்."

அதிகாரி இதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். பிறகு மிகவும் அன்பாகக் கேட்டார்.

"உங்கள் வீட்டில் ஏதோ விசேஷம் என்று கேள்விப்பட்டேன்."

"மகளுக்குக் கல்யாணம் சார். மே இருபத்திரண்டு. கோயில்ல கல்யாண அறிக்கை வாசிக்க எழுதிக் கொடுத்தாச்சு."

"ரொம்ப சந்தோஷம். நல்லபடியாக நடக்கட்டும். சில்சாரில் மழை சீக்கிரமே தொடங்கிவிடும், குடை எடுத்துப் போங்கள்."

"சில்சாரா?"

"அஸ்ஸாமில் இருக்கிறது. உங்களை அங்கே மாற்றியிருக்கிறது. இனிஷியல் விஷயத்தில் மனசு மாறினால் உத்தரவும் மாறும்."

"கல்யாணத்துக்கு லீவு?"

"ஆள் பற்றாக்குறை உள்ள நிலையத்தில் லீவு கிடையாது."

"இப்பதானே சார் பற்றாக்குறை இல்லைன்னீங்க?"

"இடமாற்றத்துக்கு இல்லை. லீவுக்கு உண்டு" என்றார் ஸ்ரீநிவாசராகவன், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

கல்யாணத்தன்று பெண்ணின் கையைப் பிடித்து ஆலயத்துக்குள் கூட்டிப்போக வேண்டியவர் அப்பா. அவர் மூன்று நாள் ரயில் தூரத்தில் இருந்தால் ஊர் என்ன பேசும் என்று அசரியாவுக்குத் தெரியும். ஆனாலும் உத்தரவை வாங்கிக்கொண்டு, முழுசாகப் படித்து, பெற்றுக்கொண்டதற்கு முழுக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தவரை ஆபீஸ் கிளார்க் குப்புராஜ் மடக்கினான்.

"நீங்க இன்னா சார் நெனச்சிகினு கீறீங்க? உங்கள பழிவாங்க மாத்திகீறாங்கன்னா? அதான் இல்ல. சில்சார்லயும் ஒரே ஒரு இன்ஜினீர்தான் கீறாரு. அவர இங்க மாத்திகீது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வழியில இருப்பீங்க."

"அதனால?"

"பதினாலாம் விதி சார். பிரயாணத்துல கீற ஆளு ரெண்டு ஸ்டேஷன்லயும் கீறதா கணக்கு. உங்களால மெட்ராஸுக்கு ஒண்ணு, சில்சாருக்கு ஒண்ணு. அவரால ரெண்டு. ரெண்டு பேரு நாலு பேரு ஆயிட்டீங்க! இப்டியே எல்லா ஊர்லயும் எல்லாரையும் கெளப்பி வுட்டா கழகத்துல பற்றாக்குறையே கெடையாதுன்னு அந்த ஆபீசரு மேலிடத்துக்கு எழுதிகீறாரு. பிரமோஷன் வரும்ங்கறாங்க."

அசரியா பெட்டி கட்டினார். படுக்கையைச் சுருட்டினார். குடையை மறக்கவில்லை. டிக்கெட் வாங்கக் கிளம்புகிற நேரத்தில் தந்தி வந்தது: 'வேலையில் சேர வேண்டாம். மறு உத்தரவு வரை பிரயாணத்திலேயே இருக்கவும்.'

அவர் சில்சாரில் போய்ச் சேர்ந்துவிட்டால் மறுபடி ஒற்றை ஆளாகிவிடுவார். அந்த நஷ்டத்தைக் கழகத்தால் தாங்க முடியாது.

அசரியா மீனம்பாக்கம் போய், பிரயாணத்தில் இருப்பது என்றால் எங்கே இருப்பது என்று விசாரித்தார். குப்புராஜ் யோசித்துச் சொன்னான்: "வூட்லயே இருங்க சார். பொட்டி மட்டும் கட்டினது கட்டினபடி வாசல்ல கெடக்கட்டும். பிரயாணம்னா பொட்டி கட்டியிருக்கணும், அவ்ளோதான்."

அப்படியே பெட்டியும் படுக்கையும் வாசலில் கிடந்தன. தபால்காரர் முதல் நாள் "ஊருக்கா சார்?" என்றார். ஐந்தாம் நாள் "வந்துட்டீங்களா சார்?" என்றார். இரண்டுக்கும் அசரியா "ஆமாம்" என்றே பதில் சொன்னார். இரண்டும் விதிப்படி உண்மை.

அவர் மனைவி ஞானசௌந்தரிக்கு இதில் மகிழ்ச்சிதான். "கர்த்தர் வழி திறந்திட்டார். கல்யாணத்துக்கு நீங்க இருக்கீங்க. அதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள். மகள் தபீதாள் அழைப்பிதழ்களில் முகவரி எழுதிக்கொண்டே, "அப்பா இப்ப எந்த ஸ்டேஷன் தாண்டறாரு?" என்று கேலி செய்தாள். அசரியா சிரிக்கவில்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை, தாம்பரத்துக்கு மேலே டகோட்டா போகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் சாப்பாட்டில் அவர் கை நின்றது. சில்சார்க்காரரும் எங்கேயோ பெட்டி கட்டி உட்கார்ந்திருக்கிறார். அப்படியென்றால் மேலே போகிற இது யார் கையெழுத்தில் போகிறது?

பதில் மே இருபத்தோராம் தேதி காலையில், பல்லாவரத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்தது. மெக்கானிக் சௌகத் அலி பந்தல்காலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வியர்வையைக்கூடத் துடைக்காமல் கேட்டான்.

"அண்ணா, நீங்க இங்க இருக்கீங்களா, சில்சார்ல இருக்கீங்களா?"

"ஏம்ப்பா?"

"லாக் புக்குல ரெண்டு எடத்துலயும் இருக்கீங்க. காலையில மெட்ராஸ்ல எல். சாயங்காலம் அதே ப்ளேன் சில்சார்ல போய் எறங்குது, அங்கயும் எல். ஒரே புக்கு, பக்கத்துப் பக்கத்து வரி. அந்த எல்லு ஒல்லி, இந்த எல்லு குண்டு."

அசரியா பந்தல்காலைப் பிடித்துக்கொண்டார். "வால் கேபிள் வரிக்கு?"

"எல்லா வரிக்கும்தான். பதினெட்டு நாளா வாலுக்குள்ள ஆள் போகல அண்ணா. நான் போறேன்னேன். 'இனிஷியல் விழுந்தாச்சு. இனிமே உள்ளே போனால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும்'னுட்டாரு அந்தத் தலைமை ஆபீஸ் பெரியவரு. இன்னிக்குப் பத்தரைக்கு அவரும் அதுலதான் கல்கத்தா போறாரு. கூட இருபத்தாறு பேரு."

மணி எட்டே கால். அசரியா உள்ளே போய், காக்கி உடுப்பை மாட்டிக்கொண்டு, அலமாரியிலிருந்து ஒரு வேட்டித் துண்டை எடுத்தார். ஞானசௌந்தரி வாசலை மறித்தாள்.

"நாளைக்குக் கல்யாணம். பிரயாணத்துல இருக்கற மனுஷன் ஹாங்கர்ல போய் நின்னா, உள்ளதும் போயிடும். மாப்பிள்ளை வீட்டுக்கு நான் என்ன சொல்ல? பொண்ணோட அப்பா இன்னிக்குத்தான் வேலை போய் வந்திருக்கார்னா?"

"அப்பா எழுத்தைப் போட்டிருக்காங்க" என்று மட்டும் அசரியா சொன்னார். ஞானசௌந்தரி அவரைப் பார்த்தாள், பிறகு சுவரில் தொங்கிய சட்டத்தைப் பார்த்தாள். நிலைப்படியை விட்டு விலகினாள்.

"அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு மாட்ட எடம் இருக்கு" என்றாள். "சீக்கிரம் போங்க."

மின்சார ரயிலில் ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு யுகமாக வந்தது. மீனம்பாக்கத்தில் இறங்கி ஹாங்கர் வாசலை அடைந்தபோது மணி ஒன்பது அடிக்க ஐந்து நிமிஷம். காவலாளி தடுத்தான். இடமாற்றம் ஆனவரை உள்ளே விடக் கூடாதாம். சத்தம் கேட்டு வருகைப் பதிவேட்டோடு குப்புராஜ் வந்தான்.

"வுடுப்பா. சாருக்கு டெய்லி பிரசென்ட் போட்டுகினு கீறேன். இவரு உள்ள வராததுதான் இத்தினி நாளா தப்பு."

"லாக் புக்குல எல் போட்டது யாருப்பா?"

குப்புராஜ் தலையைச் சொறிந்தான். "பெரியவரு போடச் சொன்னாரு, போட்டேன். எனக்கு இன்னா தெரியும் சார்? மேலேர்ந்து கீழ ஒரு கோடு, பக்கத்துல ஒரு கோடு."

"அது எங்கப்பா."

குப்புராஜுக்கு அது விளங்கவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினான்.

கத்திரி வெயிலில் விமானத்தின் வால் அடுப்பு மாதிரி இருந்தது. அசரியா தவழ்ந்து உள்ளே போனார். பின்னால் டார்ச்சோடு சௌகத் அலி. துணியைக் கேபிளில் சுற்றிப் பிடித்து இழுத்தார். இரண்டு அடி வழுக்கிக்கொண்டு வந்தது. நாலு அடி, ஆறு அடி. கடைசிக் கப்பியின் அருகே துணி நின்றது. கொஞ்சம் அழுத்தி இழுத்தார். துணி கிழிந்து, உள்ளங்கையில் முள் மாதிரி ஏதோ ஏறியது.

"வெளிச்சத்தைக் கிட்ட கொண்டா."

ஆறு இழைகள் அறுந்து, முள்ளம்பன்றி மாதிரி நிமிர்ந்து நின்றன. சௌகத் அலியின் மூச்சு அந்தத் தகரக் குழாய்க்குள் பெரிதாகக் கேட்டது.

அவர்கள் வெளியே வந்தபோது, ஸ்ரீநிவாசராகவன் ஏணியடியில் கைப்பெட்டியோடு நின்றிருந்தார். பக்கத்தில் விமான ஓட்டி. தூரத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு பஸ் கிளம்பியிருந்தது. அசரியா கிழிந்த துணியை நீட்டினார். அதில் இரண்டு எஃகு முள்ளும் கொஞ்சம் ரத்தமும் இருந்தன. ஓட்டி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தலையிலிருந்த தொப்பியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மிஸ்டர் அசரியா! உங்களை இங்கே யார் அனுமதித்தது?"

"எங்கப்பா எழுத்தை யார் போட்டது சார்?"

"எல் என்பது உங்கள் தகப்பனார் என்று எந்த விதியில் இருக்கிறது?" அதிகாரியின் குரல் மேடைப் பேச்சாக உயர்ந்தது. "அது ஒரு பொது எழுத்து. இருபத்தாறில் ஒன்று. கழகத்தின் எழுத்து இயந்திரங்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. இந்தப் பதினெட்டு நாளில் இந்த விமானம் விழுந்ததா? விழவில்லை. என்ன அர்த்தம்? ஆளே இல்லாமல் பராமரிப்பு திருப்தியாக நடக்கிறது என்று அர்த்தம். நான் தலைமை அலுவலகத்துக்கு அப்படித்தான் எழுதப்போகிறேன். எஞ்சினீயர்கள் பார்ப்பதனால்தான் பழுதுகள் தெரிகின்றன!"

"சரி சார்." அசரியா லாக் புத்தகத்தைத் திறந்து, பேனாவையும் சேர்த்து அவரிடம் நீட்டினார். "இன்னிக்கு உங்க எழுத்தைப் போடுங்க. உங்க இனிஷியல் பி தானே? அப்பா பேரு?"

"பட்டாபிராமன்."

"வால் கேபிள், நல்ல நிலை, பி. அவ்வளவுதான். சும்மா ஒரு மரியாதை. போட்டுட்டு ஏறி உட்காருங்க."

ஸ்ரீநிவாசராகவன் பேனாவை வாங்கினார். பேனா அந்த வரிக்கு எதிரே போய் நின்றது. பஸ் நெருங்கி வந்தது. ஒரு குழந்தை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி விமானத்தைக் காட்டியது. அதிகாரி துணியைப் பார்த்தார். வாலைப் பார்த்தார். அவர் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு லாக் புத்தகத்தில் விழுந்து பரவியது.

"எங்கப்பாவை எதற்கு இதில் இழுக்கிறீர்கள்?" என்றார் கடைசியில். "அவர் உயிரோடு இருக்கிறார்."

பேனாவை மூடிப் புத்தகத்தின் மேல் வைத்தார்.

"எனக்கு சென்ட்ரல் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. நான் ஹௌரா மெயிலில் போய்க்கொள்கிறேன். விமானம் வழக்கம்போல் நேரத்துக்குப் புறப்படட்டும்."

அசரியா பேனாவை எடுத்தார். வால் கேபிள் வரிக்கு எதிரே 'ஆறு இழை அறுந்துள்ளது, பறக்கத் தகுதியில்லை' என்று எழுதினார். எல் போட்டார். அடியில் முழுக் கையெழுத்தும் போட்டார்.

"இது செல்லாது!" என்று அதிகாரி கூவினார். "நீங்கள் சில்சாரில் இருக்கிறீர்கள்!"

"அங்கயும் இருக்கேன் சார். இங்கயும் இருக்கேன். உங்க பதினாலாம் விதி."

வருகைப் பதிவேட்டில் அன்றைய தேதிக்கு நேரே அசரியாவின் பெயரைக் குப்புராஜ் தானாகவே விரித்துக் காட்டினான். ஓட்டி லாக் புத்தகத்தை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு, பஸ்ஸைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கையை உயர்த்தினார்.

அன்று மாலையே விசாரணை தொடங்கியது. தலைமை அலுவலகம் சுறுசுறுப்பாக இயங்கியது அன்று ஒருநாள்தான். கேபிள் அறுந்ததைப் பற்றி அல்ல, அனுமதியில்லாமல் அசரியா ஹாங்கருக்குள் நுழைந்ததைப் பற்றி. ஆனால் பதிவேட்டின்படி அவர் அங்கே வேலைக்கு வந்தவர், ஆகவே நுழைந்தது குற்றமில்லை. சில்சார் பதிவேட்டின்படி அவர் அங்கே இருந்தவர், ஆகவே நுழையவே இல்லை. இரண்டில் எதைப் பொய் என்று எழுதினாலும் கழகத்தின் மொத்த ஆளணியும் பாதியாகிவிடும். எனவே ஒரே ஒரு முடிவு எடுத்தார்கள். அசரியாவின் பிரயாணம் முடிந்ததாக அறிவித்து, ஏழு நாளில் சில்சாரில் நேரில் சேர உத்தரவிட்டார்கள். அவர் எழுதிய வரியை மட்டும் யாரும் அடிக்கத் துணியவில்லை. கேபிள் மாற்றப்பட்டது.

அந்த உத்தரவோடு குப்புராஜ் மறுநாள் தாம்பரத்தில் ஆலயத்து வாசலுக்கே வந்துவிட்டான். ஆராதனை முடிந்து, போதகர் கல்யாணப் பதிவேட்டை மேஜையில் விரித்திருந்தார். உள்ளங்கையில் கட்டோடு அசரியா நின்றிருந்தார்.

"சார், வாங்கிகினதுக்கு இதுல ஒண்ணு. சும்மா ஒரு..." என்று ஆரம்பித்த குப்புராஜ், நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்தினான். "நீங்க மெதுவா படிச்சிட்டே போடுங்க சார். நான் வெயிட் பண்றேன்."

போதகர் மணப்பெண்ணிடம் பேனாவை நீட்டினார். "இங்கே போடும்மா. அப்பா இனிஷியலோடு கடைசிக் கையெழுத்து. நாளையிலிருந்து மாறிடும்."

மாப்பிள்ளை ஜெபசீலன் தனக்குக் காட்டிய இடத்தில் ஏற்கனவே ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்திருந்தான். போட்டோ பிடிப்பவர் அவசரப்படுத்தினார். பின்னால் யாரோ, "போடும்மா, சாப்பாட்டுக்கு நேரமாகுது" என்றார்கள்.

தபீதாள் குனிந்தாள். முக்காட்டை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, மறு கையின் ஆள்காட்டி விரலைப் பதிவேட்டின் முதல் வரியில் வைத்து, ஊர், தேதி, பெயர், வயது என்று ஒவ்வொரு வரியாக மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தாள். எங்கேயும் விரல் சிக்கவில்லை. கடைசி வரியை அடைந்ததும் ஒருமுறை அப்பாவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, முதலில் அசரியாவின் 'ஏ'யைப் போட்டு, புள்ளி வைத்தாள்.